பேசச் சொன்னீர்கள், அவன் பேசினான்: ஓ.எம்.ஆர். நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை நிறுவனங்களில் மனிதவளம், சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு), மார்க்கெட்டிங் பிரிவுகளைப் பார்த்துக்கொள்ளும் தலைவர்களுக்கு,

வணக்கம்.

நான் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) 14 வருடமாக வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர் சேவை, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். இப்போது ஒரு டீமுக்கு லீட். எங்கள் நிறுவனத்தின் பெயரை இதில் எழுதவில்லை. எழுதினால் அது ஒரே ஒரு கம்பெனியின் குறை என்று ஆகிவிடும், மற்றவர்கள் நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடுவீர்கள். டைடல் பார்க்கிலிருந்து சிறுசேரி வரைக்கும் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அக்டோபர் மாதம் லிஃப்டுக்குப் பக்கத்தில் மனநல விழிப்புணர்வுக்கான அதே பச்சை ரிப்பன் போஸ்டர்தான் நிற்கிறது, அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

உலக மனநல நாள் 1992இல் தொடங்கியது, ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 10. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் தேதி எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. இப்போது ஒரு வாரம் முழுக்க நடக்கிறது. யோகா, மூச்சுப் பயிற்சி, ஒரு பேச்சாளர், கேக், நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு பலகை. மனநலம் என்ற வார்த்தை அலுவலகத்துக்குள் வந்ததே நல்ல விஷயம், அதைக் கொண்டுவர உங்களில் சிலர் மேலிடத்தில் போராடியிருப்பீர்கள் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாரத்தில் எங்களைச் செய்யச் சொல்லும் ஒரு காரியம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

என் டீமில் ஒரு தம்பி இருந்தான். 26 வயது. வட மாவட்டத்தில் ஒரு கிராமம், துரைப்பாக்கத்தில் நாலு பேரோடு ஒரு வீட்டில் தங்கியிருந்தான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேரும் ஊரும் வேண்டாம் அக்கா, மற்றதெல்லாம் எழுதுங்கள் என்றான், எழுதியதைப் படித்தும் பார்த்துவிட்டான்.

இரண்டு வருடம் முன்பு அக்டோபரில் எங்கள் கேன்டீன் வாசலில் அந்தப் பலகையை வைத்தார்கள். அதன் முன்னால் நின்று படம் எடுத்து, மனசில் இருப்பதை நாலு வரி எழுதி, கம்பெனி கொடுத்த ஹேஷ்டேக்கோடு அவரவர் சமூக வலைத்தளப் பக்கத்தில் போட வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் 10 ரூபாய் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போகும் என்றார்கள். எந்த டீம் எத்தனை பதிவு என்று தினமும் சாயங்காலம் ஒரு மெயில் வரும். நாங்கள் பெரும்பாலானவர்கள் "மனம் விட்டுப் பேசுவோம்", "நீங்கள் தனியாக இல்லை" என்று போஸ்டரில் இருந்ததையே திருப்பி எழுதினோம். நானும் அதைத்தான் செய்தேன். அவன் ஒருத்தன் மட்டும் கேட்டதை அப்படியே நம்பி, உள்ளதை எழுதினான். நாலு மாதமாகத் தூக்கம் இல்லை, ஹெட்செட்டை மாட்டியதும் கை நடுங்குகிறது, விடிகாலையில் கம்பெனி வண்டியில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறேன், அம்மா போன் செய்து சாப்பிட்டியா என்று கேட்டால் பதில் சொல்ல வரவில்லை. இவ்வளவுதான். எட்டு ஒன்பது வரி இருக்கும்.

கம்பெனியின் பக்கம் அதை எடுத்துப் பகிர்ந்தது. இரண்டு மூன்று நாளில் ஆயிரத்துக்கு மேல் இதயக் குறிகள். "பெரிய தைரியம்", "உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறோம்" என்று அவன் முகம் பார்த்திராத மேனேஜர்கள் எல்லாம் எழுதினார்கள். அவனும் முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தான். மூன்றாம் நாள் ஊரிலிருந்து ஒரு உறவுக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். அவனுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் அந்த வாரத்தோடு நின்றது. கம்பெனியின் பக்கத்திலேயே, யாரோ முன்பின் தெரியாத ஆள், "கீழ்ப்பாக்கம் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டிருந்தார். அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்புக் குறி.

அவன் தன் பக்கத்தில் இருந்ததை அழித்தான். கம்பெனியின் பக்கத்தில் இருந்ததை எடுக்கச் சொல்லி மெயில் எழுதினான். பதிவு நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, காம்பெய்ன் முடிந்ததும் எடுத்துவிடுகிறோம் என்று பதில் வந்தது. எடுக்க 11 நாள் ஆயிற்று. அந்த 11 நாளும் அவன் இரண்டு போன் அழைப்புகளுக்கு நடுவில் கிடைக்கும் நிமிடத்தில், பாத்ரூமில், வண்டியில், படுக்கையில், புதிதாக யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே இல்லாத தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. பார்க்காதே என்று நான் சொன்னேன். "எப்படிக்கா பார்க்காம இருக்கிறது, என்னைப் பத்தித்தானே பேசுறாங்க" என்றான். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அப்புறம் நானே அடையாறில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மருத்துவர், பொறுமையாகக் கேட்டார். மாத்திரை எழுதினார், கூடவே வாரம் ஒரு முறை கவுன்சலிங் வரச் சொன்னார். பில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் எங்கள் குழுக் காப்பீட்டில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தால்தான் பணம், ஓ.பி.யில், அதாவது வெளிநோயாளியாக வந்து பார்த்தால், ஒரு பைசா கிடையாது என்று தெரிந்தது. அவனுக்கு வந்த வியாதிக்கு யாரும் பெட்டில் படுக்க வைப்பதில்லை. மாதக்கணக்கில் வந்து போக வேண்டும், அதுதான் சிகிச்சை. பகல் ஷிஃப்ட் கேட்டோம், மருத்துவர் கடிதத்தோடு. ஏழு வாரம் கழித்து, பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அதற்குள் அவன் பேப்பர் போட்டு வேலையை விட்டுவிட்டான்.

நான் சொல்ல வந்தது இதுதான். பேசச் சொன்னீர்கள், அவன் பேசினான். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் யாரையும் உட்கார வைக்காமலே பேசச் சொல்லிவிட்டீர்கள். அவன் பேசியதை வாங்கிக்கொண்டது ஒரு மனிதரோ ஒரு மருத்துவரோ ஒரு ஷிஃப்ட் பட்டியலோ இல்லை, ஒரு ஃபீட், போனில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவுகள் ஓடும் பக்கம். அந்த ஃபீடுக்குக் காது கிடையாது, எதை எத்தனை பேரிடம் தள்ளுவது என்ற கணக்கு மட்டும்தான் உண்டு.

இது நம் ஊரில் பிறந்த பழக்கமும் இல்லை. கனடாவில் பெல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் 2010இல் அறிவித்து, 2011லிருந்து வருடத்துக்கு ஒரு நாள், தன் வாடிக்கையாளர் அனுப்பும் ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் ஹேஷ்டேக் போட்ட ஒவ்வொரு பதிவுக்கும் 5 சென்ட் என்று மனநலத்துக்குப் பணம் கொடுத்தது. சின்னப் பணம் இல்லை. பல அமைப்புகளுக்கு உண்மையிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது, அந்த நாட்டில் மனநோயைப் பற்றிப் பேசுவது சகஜமானதற்கு அந்த நாளும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதே நிறுவனத்தின் ஊழியர்கள் 2017இல் அந்த நாட்டின் பொது ஒலிபரப்பான சி.பி.சி.யிடம், விற்பனை இலக்கு அழுத்தத்தில் தங்கள் உடம்பும் மனசும் என்ன ஆயிற்று என்று சொன்னார்கள். நான் அதைப் படித்தபோது கால் சென்டர் பற்றி அவர்கள் சொன்னது என் அலுவலகத் தளத்தைப் பற்றிச் சொன்னது மாதிரியே இருந்தது. 2023இல் பெல் அந்த 5 சென்ட் கணக்கை விட்டுவிட்டு, மொத்தமாக ஒரு தொகையைக் கொடுப்பதாக மாற்றிக்கொண்டது. அடுத்த வருடம் ஜனவரி கடைசியில் அவர்களுடைய மனநல நாள், பிப்ரவரி 8 அன்று 4,800 பேரை வேலையை விட்டு எடுக்கும் அறிவிப்பு. இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரம்தான்.

அந்த 5 சென்ட் நம் ஊருக்கு 10 ரூபாயாக வந்து சேர்ந்திருக்கிறது. எனக்குப் புரியாதது, பணம் கொடுக்க மனசு இருக்கிறது என்றால் அதைக் கொடுப்பதற்கு எங்கள் பதிவு எதற்கு? ஒரு தொண்டு நிறுவனத்துக்கு 5 லட்சம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தவர்கள், 50,000 பதிவு வந்தால்தான் கொடுப்போம் என்று ஏன் வைக்க வேண்டும்? பதிவு வந்தால் நிறுவனத்தின் பெயர் 50,000 பேரின் பக்கத்தில் ஓடும், அதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அது விளம்பரம். விளம்பரம் செய்வது தப்பில்லை, ஆனால் ஒரு பையனின் தூக்கமில்லாத இரவு அதற்குச் சரக்காகக் கூடாது.

சட்டமே இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டது. 2013 கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தின மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவு செய்ய வேண்டும் என்கிறது. 2021இல் விதிகளைத் திருத்தியபோது இரண்டு விஷயங்களைத் தெளிவாக வெளியே வைத்தார்கள்: சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவது சி.எஸ்.ஆர். ஆகாது, தன் பொருளுக்கோ சேவைக்கோ சந்தையில் லாபம் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பும் ஆகாது. அப்படியென்றால் கேன்டீன் வாசல் பலகை எந்தக் கணக்கில் வருகிறது? ஊழியர் நலன் என்றால் ஓ.பி. செலவைக் கொடுத்திருக்க வேண்டும். சமூகப் பணி என்றால் ஹேஷ்டேக் இல்லாமல் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் கணக்குப் பிரிவில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், நான் சொல்வதைவிட அந்தத் தலைப்பு உங்களுக்கு நன்றாகப் புரிய வைக்கும்.

சரி, போனுக்கு வருகிறேன்.

எங்கள் டீமில் எல்லோரும் ராத்திரி இரண்டு மணிக்குப் பிரேக் வரும்போது செய்வது ஒன்றே ஒன்றுதான், கட்டை விரலால் தள்ளிக்கொண்டே இருப்பது. பக்கம் முடிவே இல்லாமல் இறங்கிக்கொண்டே போகும் அந்த வசதியை 2006இல் உருவாக்கிய அசா ராஸ்கினே பின்னால் அதற்காக வருத்தப்பட்டுப் பொதுவெளியில் பேசியிருக்கிறார். 2021இல் பேஸ்புக்கின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது, இன்ஸ்டாகிராம் பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்குத் தன் உடம்பைப் பற்றிய தாழ்வு எண்ணத்தை இன்னும் மோசமாக்குகிறது என்று அவர்களுடைய ஆய்வாளர்களே எழுதி வைத்திருந்தது தெரிந்தது. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். எங்கள் மனநல வாரத்திலேயே "டிஜிட்டல் டீடாக்ஸ்" என்று ஒரு மணி நேர வகுப்பு நடந்தது, போனைத் தூர வையுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள், வகுப்பு முடிந்ததும் அதைப் படம் எடுத்து எல்லோரும் பக்கத்தில் போடச் சொன்னார்கள். சொன்னவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் அன்றைக்கு எத்தனை பதிவு என்று ஒரு இலக்கு இருந்திருக்கும். ஆனால் எந்தச் சாதனம் எங்கள் தூக்கத்தைத் தின்கிறது என்று சொல்கிறீர்களோ அதே சாதனத்தில், ராத்திரி பத்து மணிக்குமேல் கூட்டம் அதிகம் என்று பார்த்து நேரம் குறித்து, "நன்றாகத் தூங்குங்கள்" என்று பதிவு போடுகிறீர்கள். நிறுத்தி யோசியுங்கள்.

போனால் எதுவுமே நல்லது நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தனக்கு நடப்பதற்குப் பேர் இருக்கிறது, மருந்து இருக்கிறது என்று அந்தத் தம்பிக்குத் தெரிந்ததே ஒரு வீடியோ பார்த்துத்தான். வீட்டில் கேட்க முடியாததை ஒரு பெண் ராத்திரி போர்வைக்குள் தேடிப் படித்துத் தெரிந்துகொள்கிறாள், அது பெரிய விஷயம். ஆனால் அதே இடத்தில் 30 விநாடியில் "இந்த ஐந்து அறிகுறி இருந்தால் உங்களுக்கு இந்த நோய்" என்றும் ஓடுகிறது, என் அக்கா மகள் பதினோராம் வகுப்பு, மாதத்துக்கு ஒரு நோயை எனக்கு இருக்கிறது என்று வந்து சொல்கிறாள். அவளை நான் கேலி செய்ததில்லை. ஏதோ ஒன்று அவளுக்குச் சரியில்லை என்பது நிஜம், அதைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த வார்த்தை அது.

வார்த்தை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், நீண்டு போனாலும் பரவாயில்லை. உங்கள் போஸ்டர்கள் பத்தில் ஒன்பது ஆங்கிலம். தமிழில் வரும் ஒன்றிலும் "மன அழுத்தம்" என்று இருக்கிறது. தமிழில் அந்த ஒரே சொல்லைத்தான் வேலை நெருக்கடிக்கும் போடுகிறார்கள், மாதக்கணக்கில் எழுந்திருக்கவே முடியாமல் படுத்துவிடும் நோய்க்கும் போடுகிறார்கள். மருத்துவர்கள் எழுதும்போது அந்த நோயை மனச்சோர்வு என்கிறார்கள், ஆனால் போஸ்டர் எழுதுகிறவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. இரண்டும் ஒன்று என்று படிக்கிறவர் நினைத்தால் என்ன ஆகும்? நெருக்கடியில் இருப்பவர் தனக்கு நோய் என்று பயப்படுவார், நோயில் இருப்பவரிடம் ரெண்டு நாள் லீவ் போட்டு மகாபலிபுரம் போய்ட்டு வா, சரியாகிடும் என்பார்கள். என் டீமில் இருந்த அந்தத் தம்பிக்கு அதைத்தான் சொன்னார்கள்.

எங்கள் தளத்தில் சுத்தம் செய்யும் அக்காக்களும் வண்டி ஓட்டும் அண்ணன்களும் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி ஐயாக்களும் இந்த இரண்டு வார்த்தையையும் சொல்ல மாட்டார்கள். "மனசே சரியில்லைம்மா" என்பார்கள். "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது", "தலை பாரமா இருக்கு", "எதுலயும் பிடிப்பு இல்ல", "ராத்திரியெல்லாம் கண்ணு மூடல". வியாதி உடம்பு வழியாகத்தான் அவர்களிடம் பேசுகிறது, அவர்கள் பொது மருத்துவரிடம் போய் வலி மாத்திரையோ சத்து ஊசியோ வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். ஒரு வண்டி ஓட்டும் அண்ணன், எங்களை விடிகாலையில் இறக்கிவிட்டு உடனே அடுத்த ட்ரிப் எடுப்பவர், ஆறு மாதம் நெஞ்சுவலி என்று ஈ.சி.ஜி. எடுத்து எடுத்துப் பார்த்தார், இதயத்தில் ஒன்றுமே இல்லை. கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஒரு டாக்டர்தான் கடைசியில் வீட்டு நிலவரம் என்ன, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டு மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். மனநல வாரத்தில் அவர் பலகையைத் தாண்டி எத்தனையோ தடவை போய் வந்திருப்பார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் படிக்க வராது. ஒப்பந்தத் தொழிலாளர் என்பதால் அந்த வார நிகழ்ச்சி எதற்கும் அவரைக் கூப்பிடவும் இல்லை.

"கீழ்ப்பாக்கம்" என்ற பேச்சுக்கும் வருகிறேன், அந்த கமென்ட் என் மனசைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் தொடர்ச்சி. இருநூறு வருடத்துக்கு மேல் இந்த நகரத்தில் யாரும் வைத்துக்கொள்ள விரும்பாதவர்களை வைத்துப் பார்த்துக்கொண்ட இடம், இன்றைக்கும் காசில்லாமல் ஓ.பி.யில் மருந்து கொடுக்கும் இடம். அந்தப் பேரைத்தான் நாம் வசவாக வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில், சினிமாக் காமெடியில், குடும்பச் சண்டையில். நானும் சின்ன வயதில் தங்கையை அப்படிச் சொல்லியிருக்கிறேன். இந்த வசவு போக வேண்டும் என்றால் பச்சை ரிப்பன் போதாது. உங்கள் நிறுவனத்தின் பக்கத்தில் அந்த கமென்ட் விழுந்த ஐந்து நிமிடத்தில் எடுக்க ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். 11 நாளும் அது அங்கேயே இருந்தது.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுகிறவரின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது, டிஜிட்டலாக இருக்கும் விவரத்துக்கும் அது பொருந்தும் என்கிறது, அவர் சம்மதம் இல்லாமல் படமோ தகவலோ ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. அது மருத்துவமனைகளுக்கும் சிகிச்சை தருகிறவர்களுக்கும் எழுதிய சட்டம், உங்கள் பக்கத்துக்கு எழுதியது இல்லை, தெரியும். ஆனால் ஒரு ஆஸ்பத்திரி செய்யக் கூடாததை ஒரு ஐ.டி. கம்பெனி ஏன் செய்ய வேண்டும்? அவன் பலகை முன்னால் நின்றபோது கொடுத்த சம்மதம் நாலு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்துக் கொடுத்தது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இல்லாவிட்டால் அதற்குப் பேர் சம்மதம் இல்லை.

அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சொல்கிறது. பாலிசியில் அந்த வரி இருக்கிறது. ஆனால் ஓ.பி. கிடையாது என்ற இன்னொரு வரி அதை அடித்துவிடுகிறது. பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாட்டையும் சேர்த்து 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், நோயின் வகையைப் பொறுத்து, சிகிச்சை கிடைக்காதவர்கள் 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தார்கள். அத்தனை பேரும் வெட்கத்தால் போகாமல் இருந்தவர்கள் இல்லை. பக்கத்தில் மருத்துவர் இல்லாதவர்கள், பஸ் காசு இல்லாதவர்கள், ஒரு நாள் கூலி போய்விடும் என்று போகாதவர்கள், இரண்டு தடவை போய்விட்டு மூன்றாவது தடவைக்குப் பணம் இல்லாதவர்கள். விழிப்புணர்வு மட்டும் இவர்களை எங்கே கொண்டுபோய் விடும்?

உண்மையில் கேட்பவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு நோய்க்கான அமைப்பு அண்ணா நகரில் இருக்கிறது. 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகாவில், வாழவே பிடிக்கவில்லை என்று அழைப்பவரிடம் பேசுவதற்குத் தன்னார்வலர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்; எண் 044-24640050. தெருவில் கிடக்கும் மனநலம் பாதித்த பெண்களுக்காக 1993இல் தி பானியன் என்ற அமைப்பு வந்தது. அரசின் டெலி மானஸ் 14416, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, தமிழில் பேசுவார்கள், இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம். எங்கள் அலுவலகப் போஸ்டரில் ஹேஷ்டேக் ஒரு முழம் உயரத்துக்கு இருந்தது. இந்த எண்கள் ஒன்றுகூட இல்லை. அதற்கு அடுத்த வருடம் நானே 14416ஐ ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பெண்கள் ஓய்வறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். இரண்டு நாளில் யாரோ கிழித்துவிட்டார்கள் என்று நினைத்தேன், பார்த்தால் கீழே எண் தெரியும்படி சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். திரும்ப எழுதி ஒட்டினேன். மூன்று தடவை.

அதனால் கேட்கிறேன். இந்த வருடம் பலகையை வைக்காதீர்கள். தொண்டு நிறுவனத்துக்கு என்ன கொடுக்க நினைக்கிறீர்களோ அதை எங்கள் பதிவை எண்ணாமல் கொடுங்கள், ஒரு வருடத்துக்கு இல்லாமல் மூன்று வருடத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள். தொலைபேசி பக்கத்தில் ராத்திரி உட்காரும் ஆளுக்குப் பயிற்சி கொடுக்க அடுத்த வருடம் பணம் வருமா என்று தெரிய வேண்டும் அவர்களுக்கு. ஊழியர் யாராவது தன் நோயைப் பற்றித் தானாகவே எழுதினால் அதை நிறுவனத்தின் பக்கத்தில் எடுத்துப் போடாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேளுங்கள். மருத்துவர் ஷிஃப்டை மாற்றச் சொன்னால் ஒரு வாரத்தில் மாற்றுங்கள், ஏழு வாரம் என்பது அந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு ரொம்ப ரொம்ப நீளம். தமிழில் எழுதும்போது தமிழில் யோசிக்கிற ஒருவரை வைத்து, மனசே சரியில்லை என்பதிலிருந்து தொடங்கி எழுதுங்கள், அதை டிரைவர்கள் காத்திருக்கும் ஷெட்டிலும் சுத்தம் செய்பவர்கள் சாப்பிடும் இடத்திலும் ஒட்டுங்கள், படிக்க வராதவர்களுக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து சொல்லுங்கள்.

வேலை நேரம் முடிந்தபின் வரும் மெசேஜும் இதில் சேர்த்திதான். பிரான்ஸில் 2017லிருந்தும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்தும் அப்படி வருவதற்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமைக்குச் சட்டம் இருக்கிறது. இங்கே 2018இல் ஒரு எம்.பி. மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு லீட் தன் டீமில் நாளைக்கே செய்யலாம். நான் போன வருடத்திலிருந்து ஷிஃப்ட் முடிந்தவர்களுக்கு எதுவும் அனுப்புவதில்லை. ஆரம்பத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது, இரண்டு தடவை என் மேனேஜரிடம் திட்டு வாங்கினேன். இப்போது பழகிவிட்டது, அவருக்கும்தான்.

அந்தத் தம்பி இப்போது ஊருக்குப் பக்கத்து டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். சம்பளம் பாதிதான். மாவட்ட அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குகிறான், தூக்கம் வருகிறது என்றான். போனில் அந்த ஆப் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. இந்த மடலை அவனுக்கு வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினேன், படித்துவிட்டு, "ஓ.பி. விஷயத்தை மேல எழுதுங்கக்கா, அதுதான் மத்தவங்களுக்கு உதவும்" என்று பதில் போட்டான். மேலே எழுதியிருக்கிறேன், அவனுக்காக இங்கேயும் ஒரு முறை எழுதுகிறேன்.

எங்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீடு ஏப்ரல் 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது, உங்களில் பலருக்கும் அதே தேதியாகத்தான் இருக்கும். பேரம் பிப்ரவரியில் தொடங்கிவிடும். அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர், மனநல மருத்துவரின் ஓ.பி. கட்டணம், கவுன்சலிங், மாத்திரை, இந்த மூன்றையும் சேர்த்தால் ஒரு ஆளுக்குப் பிரீமியம் எவ்வளவு கூடும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். வந்த தொகையை எங்களுக்கும் சொல்லுங்கள். எங்கள் பங்கைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதென்றால்கூட நாங்கள் பேசத் தயார்.

இப்படிக்கு,
ஓ.எம்.ஆரில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒரு டீம் லீட்